தங்கை வீட்டில் எத்தனை பேர்?

அமெரிக்கா போய்விட்டு வந்தவளை எங்கள் தெருவில் யாரும் சும்மா விடவில்லை. "என்னக்கா பாத்தீங்க?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். பெரிய அருவி, பெரிய சிலை என்று ஏதாவது சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் பார்த்தது மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றை. அதிலேயே கிடந்துவிட்டு, அதைக் கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டு, பிறகு கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நான் காரைக்கால் பக்கம் திருவேட்டக்குடியில் அங்கன்வாடி ஆசிரியை. என் தங்கை கயல்விழி டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்ற ஊரில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். அம்மா இல்லை, அதனால் பெட்டி கட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். பெட்டியில் பாதி பிரசவ மருந்து, மீதி கருவாடு. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி நெத்திலிப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் போ என்று கையைக் காட்டினார். நல்ல மனிதர்.

தங்கையின் கணவர் செந்தில் காரோடு வந்து நின்றார். அவர் ஒரு இந்திய ஓட்டலில் சமையல்காரர். கயல் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை பார்க்கிறாள், இப்போது விடுப்பு. வழியெல்லாம் கிரேன்கள் நின்றன. துறைமுகமே இல்லாத ஊரில் இத்தனை கிரேன் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"என்ன தம்பி கட்றாங்க இவ்வளவு?"

"எல்லாம் வீடுதான்க்கா. கம்பெனிங்க வந்துகிட்டே இருக்கு, ஆளுங்களும் வந்துகிட்டே இருக்காங்க."

"அப்ப வீட்டுக்குப் பஞ்சமில்லன்னு சொல்லுங்க."

செந்தில் சிரித்தார். "நம்ம சம்பளத்துக்கு வாடகை குடுக்குற மாதிரி வீட்டுக்குத்தான்க்கா பஞ்சம்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் மூன்று வீடு மாறியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை ஒப்பந்தம் முடியும்போதும் வாடகையை ஏற்றுவார்கள். இவர்கள் ஊரின் ஓரத்துக்கு நகர்வார்கள். கடைசியில் ஓட்டல் முதலாளி வீட்டுப் பின்னறையில் கொஞ்ச நாள். அதெல்லாம் போனில் என்னிடம் சொன்னதே இல்லை. "நல்லா இருக்கோம்க்கா" என்ற ஒரே பாட்டுத்தான். இப்போது இருப்பது வருமானம் குறைந்தவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. ஒரு குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு அங்கே இடமில்லை. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. பேர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கியிருக்கிறார்கள்.

ஏழைபாழைகளுக்கான வீடு என்றதும் ஊருக்கு வெளியே சுடுகாட்டுப் பக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஊருக்குள்ளேயே, பெரிய ரோட்டை ஒட்டி இருக்கிறது. எதிர்ச்சாரியில் பணக்காரர்கள் இருக்கிற கட்டடம். இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிற வர்ணம், ஒரே மாதிரி பால்கனி. எது யார் வீடு என்று வெளியே நின்று சொல்ல முடியாது. எங்கள் வீடும் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குவார்ட்டர்ஸ்தான். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கயல் பன்னிரண்டு வயதில் அங்கேதான் முதன்முதலாகப் பூட்டு போடுகிற கதவைப் பார்த்தாள். ஆனாலும் காரைக்காலில் ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொன்னாலே, "ஓ, சுனாமி குவார்ட்டர்ஸா" என்று ஒரு இழுப்பு இழுப்பார். கயல் வீட்டுக்கு அப்படி இழுப்பு எதுவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

மறுநாள் ரசம் வைத்து, தொட்டுக்கொள்ள நெத்திலியை எண்ணெயில் போட்டேன். கூரையில் இருந்த ஒரு வெள்ளை வட்டம் அலற ஆரம்பித்தது. புகை பட்டால் கத்துகிற கருவியாம், ஊருக்கே கேட்கிற அலறல். கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள், நான் வாணலியோடு குளியலறைக்குள் ஓடினேன். கதவைத் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கையில் ஒரு பெரிய துண்டு. ஒன்றும் கேட்கவில்லை, நேராக அந்த வட்டத்துக்குக் கீழே நின்று துண்டால் விசிறினாள். அலறல் அடங்கியதும் வாணலிக்குள் எட்டிப் பார்த்து, ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மிளகாய் பத்தாது" என்றாளாம். கயல்தான் சொன்னாள்.

அவள் பேர் ரோசா. மெக்சிகோக்காரி, ஒரு மருத்துவமனையில் அறை சுத்தம் செய்கிற வேலை. எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. என்னைத் தன் ஆட்கள் கடைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்தால் புளி, கொத்தமல்லி, வாழை இலை, காய்ந்த மிளகாயில் நாலைந்து ரகம். ஒரு மூலையில் காய்ந்த இறால் அள்ளிக் கொட்டி வைத்திருந்தது. அமெரிக்காவில் இறால் கருவாட்டைப் பார்த்ததும் ரோசாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, இருவருக்கும் இருந்த இங்கிலீஷை ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு வாக்கியம் தேறாது. ஆனாலும் பேச்சு நின்றதில்லை.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நான் வாயைத் திறந்தேன்.

கயலின் வீட்டு ஒப்பந்தத்தை அந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆட்கள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். மத்தியானம் வருவார்கள் என்று கயல் சொல்லிவிட்டு, செந்திலோடு டாக்டரைப் பார்க்கப் போய்விட்டாள். அவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். குடியிருப்பின் மேலாளர் டெனீஸ் என்ற அம்மாள், கறுப்பு இனத்தவர், என் வயது இருக்கும், வெள்ளிக் கம்மல் போட்டிருந்தார். கூட, குழாயைத் திருகிப் பார்ப்பதற்கும் விளக்கைப் போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு ஆள். அவர் தன் வேலையைப் பார்த்தார். டெனீஸ் கையில் ஒரு பலகைக் கணினியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார், இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று.

இந்தக் கேள்வி எனக்குப் பழகிய கேள்வி. எங்கள் குவார்ட்டர்ஸில் வீடு ஒதுக்கிய புதிதில், கணக்கெடுக்க ஆள் வருகிறது என்று அடிக்கடி ஒரு சேதி கிளம்பும். வீடு பூட்டிக் கிடந்தாலோ, ஆள் குறைச்சலாக இருந்தாலோ, இவர்களுக்கு இது தேவையில்லை என்று வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. நிஜமா பொய்யா, யாருக்குத் தெரியும்? சேதி வந்ததும் கிளிஞ்சல்மேட்டு அத்தை, நாகூரில் வாழ்க்கைப்பட்ட சித்தி, அவள் மாமியார் உட்பட எல்லோரும் பாயும் தட்டுமாக வந்து இறங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டுத் துணியைக்கூட வாங்கி எங்கள் கொடியில் காயப் போட்டிருக்கிறோம். அதிகாரி வாசலில் நின்றால், வீடு நிறைந்து ஆள் நிற்க வேண்டும். "எல்லாரும் இங்கதாங்க இருக்கோம்" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். அதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

கயல் வீட்டில் அன்று நான் ஒருத்திதான். தங்கையின் வீடு ஆள் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று எனக்குப் பதைப்பு. அதனால் ஆங்கிலத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னேன். "கயல், செந்தில், நான். நாங்கள் எல்லாரும் இங்கேதான். எப்போதும் இங்கேதான்." அது போதாது என்று தோன்றியது. செந்திலின் அண்ணன் ஹூஸ்டனில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வந்து போவார். அவருடைய சட்டை ஒன்று அலமாரியில் தொங்கியது. அதை எடுத்து வந்து காட்டி, "இவரும் இங்கேதான். பெரிய குடும்பம்" என்றேன். டெனீஸ் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கணினியில் எதையோ தட்டினார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். வேலை நேரத்தில் கூடாது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

கயல் வந்ததும் பெருமையாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"பெரியத்தானும் இங்கதான் இருக்காருன்னா சொன்ன?"

"ஆமா. சட்டையக்கூடக் காட்டுனேன்."

"அக்கா, இங்க அப்படி இல்லக்கா. பேரு குடுத்தவங்க மட்டுந்தான் இருக்கணும். பேரு இல்லாத ஆளு தங்குனா ஒப்பந்தத்த மீறுனதா ஆயிடும். அவரு சம்பளத்தையும் நம்ம கணக்குல சேத்தா, இந்த வீட்டுக்கே நமக்குத் தகுதி இல்லன்னுடுவாங்க."

"விருந்தாளி வரவே கூடாதா?"

"வரலாம். ரெண்டு வாரத்துக்கு மேலன்னா சொல்லிட்டு இருக்கணும். உனக்கு நான் இன்னைக்குத்தான் அனுமதி கேக்க இருந்தேன். அதுக்குள்ள நீ எப்பவும் இங்கதான்னு சொல்லிட்ட."

சாயங்காலம் டெனீஸிடமிருந்து போன் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கயல் மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு வந்து டெனீஸிடம் பேச வேண்டும். போனை வைத்துவிட்டுக் கயல் சொன்னாள், "புள்ளையத் தூக்கிட்டு மறுபடியும் அந்தப் பின்னறைக்குப் போக என்னால முடியாதுக்கா." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை, அழுதாள். டாக்டர் வேறு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, அலையக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் செந்தில் வேலைக்குப் போனார், கயல் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கடவுச்சீட்டையும் திரும்பிப் போகிற டிக்கெட்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கெடுத்தவள் நான், பேச வேண்டியவளும் நான்தான். ரோசாவிடம் மட்டும் அலுவலகத்தின் விலாசத்தைக் காட்டினேன். அவள் பஸ் நிறுத்தம் வரை வந்து, ஏற்றிவிட்டு, ஓட்டுநரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் "வரிச்சிக்குடி எறங்கு" என்று கத்தி, விசில் ஊதி, தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார்கள். இங்கே யாரும் கத்தவில்லை. ஓட்டுநர் சொல்லுவார் என்று உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒரு மணி நேரம் ஓடி, ஒரு புல்வெளிக்குப் பக்கத்தில் கடைசி நிறுத்தத்தில் நின்றது. என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "அம்மா, நீங்கள் கயிற்றை இழுக்கவே இல்லையே" என்றார். ஜன்னலோரம் மஞ்சள் கயிறு ஒன்று போகிறது. அதை இழுத்தால்தான் நிற்குமாம். துணி காயப்போடுகிற கயிறு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் மணி என்றும் நினைக்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தன் ஓய்வு நேரத்தில் இருந்தார். கையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தில் பாதியைக் கொடுத்தார். திரும்பும்போது என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். நடுவில் ஏறிய ஒரு கல்லூரிப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்ல, அவள் சரியான இடத்தில் கயிற்றை இழுத்து, கூடவே இறங்கி, அலுவலக வாசல் வரை வந்தாள். அவளுக்கு அது இறங்குகிற இடமே இல்லை. அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றாள். அன்று எனக்கு உதவி செய்தவர்கள் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று இன்னும் வருத்தம்.

டெனீஸ் என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார். கயல் எங்கே என்று கேட்டார். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் திக்கித் தடுமாறியதைப் பார்த்து, என்ன மொழி என்று கேட்டுவிட்டு, போனை எடுத்து யாரையோ அழைத்து மேஜைமேல் வைத்தார். அதிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் அக்கா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்லுறத அப்பிடியே அவவுக்குச் சொல்லுவன். பயப்பிடாதேங்கோ."

யாழ்ப்பாணத் தமிழ். எங்கிருந்து பேசுகிறாளோ, முகம்கூடத் தெரியாது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. கடவுச்சீட்டை எடுத்து வைத்தேன். வந்து இறங்கிய நாளின் முத்திரை அதில் இருந்தது. நான் பிரசவம் பார்க்க வந்தவள், திரும்பிப் போகிற டிக்கெட் இது, செந்திலின் அண்ணனுக்கு ஹூஸ்டனில் தனி வீடு இருக்கிறது, சட்டை மட்டும்தான் இங்கே இருக்கிறது என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

டெனீஸ் கேட்டதைப் போன் சொன்னது. "அப்ப ஏன் எல்லாரும் இஞ்சதான் இருக்கிறம் எண்டு சொன்னனீங்கள் எண்டு கேக்கிறா."

நான் சொன்னேன். சுனாமியில் வீடு போனது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, கணக்கெடுக்க ஆள் வந்தால் கிளிஞ்சல்மேட்டு அத்தையை வரவழைப்பது, பக்கத்து வீட்டுத் துணி, எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க ஊர்ல ஆளு இல்லன்னா வீடு போயிடும்னு பயம்மா. என் தங்கச்சி வீடு போயிடக் கூடாதுன்னுதான் ஆளச் சேத்துச் சொன்னேன். தப்பு என்னுது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மொழிபெயர்க்க மொழிபெயர்க்க டெனீஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் துணி வந்ததும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். போனுக்குள் அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு டெனீஸ் கொஞ்ச நேரம் பேசினார்.

"அவ சொல்லுறா, தான் சின்னனில இந்த ஊரின்ர கிழக்குப் பக்கம், அரசாங்கக் குடியிருப்பிலதானாம் வளர்ந்தவ. சோதிக்க ஆக்கள் வந்தா, தன்ர அம்மா மாமாவ அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைப்பாவாம். பேர் இல்லாத ஆள் இருந்தா வீடு போயிடுமாம். அவையள் இருந்த ஆள ஒளிச்சவையாம், நீங்கள் இல்லாத ஆள இருக்கிறாரெண்டு சொல்லியிருக்கிறியளாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த அலமாரிக்குள் நின்ற மாமாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. ஆனால் டெனீஸ் சிரித்து முடித்ததும் முகத்தை நேராக்கிக்கொண்டார். தான் நம்புவதாகவும், ஆனால் முடிவு தன் கையில் மட்டும் இல்லை என்றும் சொன்னார். கடவுச்சீட்டைப் பிரதி எடுத்துக்கொண்டார். ஹூஸ்டன் அண்ணனின் வீட்டுச் சான்று வேண்டும், மேலே அனுப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும். போனை வைப்பதற்கு முன்னால் அந்தப் பெண் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். "பிள்ளை சுகமாப் பிறக்கட்டும் அக்கா."

வீட்டுக்கு வந்தால் கயல் வாசலில் நிற்கிறாள். "சொல்லாமப் போனியே, வழி தவறி எங்கயாவது போயிருந்தா?" என்று கத்தினாள். ஏற்கெனவே தவறித்தான் போனேன் என்று சொல்லவில்லை. அவள் கத்தியதில் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நகரவில்லை. போன் அடித்தால் மூவரும் நிமிர்வோம். ரோசா தினமும் வந்து கண்ணாலேயே கேட்பாள், நான் உதட்டைப் பிதுக்குவேன். அதற்கு நடுவில் கயலுக்கு வலி எடுத்தது. ஆண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல், கூரையில் இருக்கிற வெள்ளை வட்டம் தோற்றது. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்து, பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டுமாகப் பத்தியம் ஆரம்பித்தேன். சுறாவைத் தேடிப் பிடித்தது செந்தில். ஓட்டலுக்கு மீன் போடுகிறவரைக் கெஞ்சி வாங்கி வந்தார்.

ஒரு நாள் காலை கதவைத் தட்டியது டெனீஸ். கயல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொல்லிவிட்டு, டெனீஸ் தானும் எதிரில் உட்கார்ந்தார். ஹூஸ்டன் சான்று சரியாக இருந்ததாம். நான் தங்குவதற்கும் அனுமதி கொடுத்துவிட்டார்களாம். இனி பிள்ளையின் பேரையும் சேர்த்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம், அதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் மறுபடி கேட்டாக வேண்டும் என்றார். கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?

செந்தில் தொண்டையைச் செருமினார். கயல் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுக்கா" என்றாள்.

மூன்று விரலைக் காட்டினேன். கயல், செந்தில், பிள்ளை என்றேன்.

"நீங்கள்?" என்று கேட்டார் டெனீஸ்.

"விருந்தாளி" என்றேன். அந்த ஆங்கில வார்த்தையை இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் அக்காள் தங்கைக்குள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். உன் வீட்டில் நான் விருந்தாளிதானே என்று சொன்னால், சண்டை போட்டுக்கொண்டு பையைத் தூக்கிக் கிளம்புகிறாள் என்று அர்த்தம். அம்மா போன பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை கயல். அவள் வீட்டில், அவள் முன்னால், எனக்கு இங்கே இடமில்லை என்று நானே சொன்னேன். சொல்லும்போது மனசு நிறைந்திருந்தது. கயல் முகத்தைப் பிள்ளையின் தலையில் புதைத்துக்கொண்டாள்.

டெனீஸ் தலையை அசைத்துவிட்டு, பிள்ளையின் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். செந்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். இன்னும் தலை நிற்காத பிள்ளை, அவன் பேர் அந்த வீட்டில் ஏறியது.